மூன்றாவது கிளாஸில் பிழைதிருத்தம்

வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாதவன், அதை வெளியில் போய் நாலு பேரிடம் சொல்லி முடித்துக்கொள்வதில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தது தவறு. எப்படி என்று சொல்கிறேன். தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள். குறுக்கே பேச எனக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

நான் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தினேன். பாடப்புத்தகம், பஞ்சாங்கம் போல் தடித்த விலைப்பட்டியல், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுக் காகிதம், எல்லாவற்றிலும். ஒரு ஒற்றெழுத்து என் கண்ணிலிருந்து தப்பியதில்லை. ஒருநாள் அச்சகத்தையே மூடிவிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது: பிழை திருத்தத் தெரிந்த எனக்குப் பிழைக்கத் தெரியவில்லை. ஐம்பத்தோரு வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

என் மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. ஊர் ஓரத்தில், கடலை ஒட்டி ஒரு பெரிய பண்ணை. அங்கே லிக்யூர் காய்ச்சுகிறார்கள். லிக்யூர் என்றால் வேறு ஒன்றும் இல்லை. பழத்தையும் பழத்தோலையும் சர்க்கரையோடு சாராயத்தில் ஊறப்போட்டு வடிகட்டுவது. சாராயம் என்று சொன்னால் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். லிக்யூர் என்று சொன்னால் அதே நாலு பேர் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அங்கே எந்த ஜாடியில் எது எவ்வளவு என்று சுவைத்துச் சொல்கிற வேலை என் மனைவிக்கு. அவளுக்கு நாக்கு நீளம் என்று என் அக்கா சொல்வாள். அது சரியில்லை. நீளம் இல்லை, கூர்மை. அந்த நாக்குக்கு அவர்கள் சம்பளம் கொடுக்கிறார்கள். நான் அதை இலவசமாகவே அனுபவித்துவந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பண்ணையில எலக்ட்ரிக் சைக்கிள் சவாரி ஆரம்பிக்கறாங்க. வெளியூர்லேர்ந்து வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் வயலெல்லாம் சுத்திக் காட்டணும். கடைசியில லிக்யூர் கூடத்துல கொண்டுவந்து விடணும். ஆள் கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேண்டாம்னுவீங்க. அதான் கேக்கலை."

"எனக்கு வழியெல்லாம் தெரியாதேம்மா."

"ஒரே வழிதான். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் முட்டைக்கோஸ். கடலுக்குள்ள போகாம இருந்தாப் போதும்."

"முட்டைக்கோஸைப் பத்தி நான் என்னத்தைப் பேசறது?"

"இருபத்தஞ்சு வருஷமா என்கிட்ட ஒண்ணுமே இல்லாததைப் பத்தியெல்லாம் பேசியிருக்கீங்க. முட்டைக்கோஸ்ல உரிச்சா இலையாவது வரும்."

சட்டையை மடித்துக் கையில் கொடுத்தாள். அது என்னுடைய சட்டை. மறுநாள் போட்டுக்கொண்டு போனேன்.

எலக்ட்ரிக் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மோட்டார் சைக்கிள் இல்லை. நாம் மிதித்தால்தான் அதுவும் மிதிக்கும். கைப்பிடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் இருக்கும். ஒன்றில் வைத்தால் முதுகில் விரல் வைத்த மாதிரி லேசாகத் தள்ளும். ஐந்தில் வைத்தால் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போகிற மாப்பிள்ளை மாதிரி பறக்கும். பேட்டரி தீர்ந்துபோனால் இருபத்தாறு கிலோ இரும்பு. அவ்வளவுதான் விஷயம்.

காலை பத்து மணிக்குக் கொட்டகையிலிருந்து கிளம்புவோம். எட்டுப் பேர், எட்டு ஹெல்மெட், எட்டு ஆரஞ்சு நிற மேல்சட்டை. கடல் உள்ளே வராமல் தடுக்கப் போட்ட மண்கரை மேல் பாதை. முட்டைக்கோஸ் வயல் ஒரு நிறுத்தம், மதகு ஒரு நிறுத்தம், பீட்ரூட் குவிக்கிற கொட்டகை ஒரு நிறுத்தம், பிளம் தோட்டம் ஒரு நிறுத்தம். பதினெட்டு கிலோமீட்டர். பன்னிரண்டே கால் மணிக்கு லிக்யூர் கூடம். அங்கே என் மனைவி ஆளுக்கு மூன்று சின்னக் கிளாஸ் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு மணிக்கு வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

முதல் நாளே அவளிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன்.

"நாம புருஷன் பொண்டாட்டின்னு வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன்?"

"தொழில்னா ஒரு மரியாதை வேணும்."

"சரி."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். என் மனைவி ஒரே வார்த்தையில் சரி என்றால் அது சம்மதம் இல்லை. நோட்டீஸ். நான் கவனிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் நான் பட்ட அவமானம் என் விரோதிக்கும் வேண்டாம். பண்ணையில் கொடுத்த காகிதத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். "முட்டைக்கோஸ் கடற்காற்றில் நன்றாக வளரும்" என்றேன். ஒருவர் "அப்புறம்?" என்றார். "அப்புறம் அறுத்துவிடுவார்கள்" என்றேன். மதகடியில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி தொற்றும் என்பார்கள். எனக்கே தொற்றியது.

மூன்றாவது வாரத்தில் ஒரு வக்கீல் வந்தார். பருத்த ஆள். மண்கரை ஏற்றத்தில் அவர் வண்டி நகர மறுத்தது. மற்ற ஏழு பேரும் நின்று அவர் வியர்ப்பதைப் பார்த்தார்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து, ஏதாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"பயப்படாதீங்க சார். இந்த வண்டியும் என் வீட்டுக்காரி மாதிரிதான். மேல ஏறும்போது கூட வராது. கீழ இறங்கும்போது தள்ளிவிடும்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். வக்கீல் வண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் என் ஜோக்குக்குக் கும்பலாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் இருப்பது ஒருத்தி. அவளும் சிரித்ததில்லை.

அன்றைக்கே தீர்மானம் செய்தேன். இனி முட்டைக்கோஸ் இல்லை. இனி மனைவிதான்.

நிறுத்தத்துக்கு ஒன்று என்று நாலு ஜோக் தயார் செய்தேன். பிழை திருத்தியவனுக்குச் சொல்லைத் திருப்பிப் போடக் கற்றுத்தர வேண்டுமா?

முட்டைக்கோஸ் வயலில் பறவை விரட்ட ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும். "அதுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தாங்க. அது கையை விரிச்சுக்கிட்டு நிக்குது. நான் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

மதகில்: "இதைத் திறந்தா ஆறு மணி நேரம் தண்ணி ஓடும். அப்புறம் மூடிடலாம். எங்க வீட்டு மதகுக்கு மூடியே வெக்கலை."

பீட்ரூட் கொட்டகையில்: "பீட்ரூட்டை நாம தொட்டா கை சிவக்கும். என் மனைவி தொட்டா என் கன்னம் சிவக்கும்."

பிளம் தோட்டத்தில்தான் உச்சகட்டம். மரநிழலில் எல்லோரையும் உட்கார வைத்து, குரலைத் தணித்துக்கொண்டு சொல்வேன்: "வேலை போனப்புறம் என் மனைவி மூணு மாசம் என்கூட ஒரு வார்த்தை பேசலை. எப்படித் தாங்கினீங்கன்னு கேப்பீங்க. தாங்கறதா? என் வாழ்க்கையிலேயே நிம்மதியா இருந்தது அந்த மூணு மாசம்தாங்க!"

இதற்குத்தான் சிரிப்பு அதிகம். ஆண்கள் தொடையைத் தட்டுவார்கள். சில பெண்கள்கூடச் சிரிப்பார்கள். இதில் எது நிஜம், எது புளுகு என்று ஒருவரும் கேட்டதில்லை. சிரிக்கிறவன் ஆதாரம் கேட்பதில்லை.

பண்ணைக்காரம்மா என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "வந்தவங்க எழுதற நோட்டு ரெண்டு மாசத்துல நிரம்பிடுச்சு. புது நோட்டு வாங்கியிருக்கேன். அடுத்த மாசம் வரைக்கும் எடம் இல்லை" என்றார். எனக்குத் தலை பெருத்து ஹெல்மெட் இறுகியது. நடை மாறியது. வீட்டில்கூட ஒரு தரம் நாற்காலியை நானே இழுத்துப்போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன்.

"அங்க ஒட்டடை அடிக்கணும், நகருங்க" என்றாள் மனைவி. நகர்ந்தேன். அது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் சைக்கிள் மெக்கானிக் வாயைத் திறந்தான். அவனுக்குப் பண்ணையில் 'ஸ்பானர்' என்று பெயர். வந்தவர்களைக் கூடத்து வாசலில் விட்டதும் நானும் அவனும் வண்டிகளைக் கொட்டகைக்குத் தள்ளிப்போய் சார்ஜ் போடுவோம். அன்றைக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து குபீர் குபீரென்று சிரிப்புச் சத்தம்.

"பாத்தியா ஸ்பானர். பிளம் தோட்டத்துல சொன்னது. இப்பத்தான் உள்ள இறங்கி வெடிக்குது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணே, அந்த நோட்டை நீங்க படிச்சதே இல்லையா?"

"நம்ம புகழை நாமளே படிக்கறது நாகரிகம் இல்லப்பா."

"படிச்சுடுங்கண்ணே. நாகரிகம் போனாப் போகுது."

மறுநாள் காலையில் கூடம் திறந்ததும் போய்ப் புது நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கம்: 'வழிகாட்டி சொன்ன பொய்கள் நன்று. அவர் மனைவி தந்த திருத்தங்கள் மிக நன்று.' இரண்டாம் பக்கம்: 'சோம்பு லிக்யூர் பிரமாதம். அதோடு வந்த திருத்தம் அதைவிடப் பிரமாதம். வயிறு வலித்தது.' நாலாம் பக்கத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அம்மா, உங்கள் பொறுமைக்கு ஒரு வணக்கம். அவரை சைக்கிளில் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.' 'அவரை' என்பதற்குப் பிறகு ஒற்று விட்டுப்போயிருந்தது. அந்த நிலைமையிலும் என் கை பேனாவைத் தேடியது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லிட்டே, இல்லையா?"

"எதை?"

"நாம யாருன்னு."

"நான் எங்க சொன்னேன்? ஒரு வக்கீல் வந்தாரே, அவர்தான் கேட்டார். 'அந்த வழிகாட்டி பாவம்மா, வீட்ல பொண்டாட்டி பெரிய ராட்சசியாமே'ன்னார். 'அந்த ராட்சசி நான்தாங்க. எலுமிச்சை ஊத்தட்டுமா, பிளம் ஊத்தட்டுமா'ன்னு கேட்டேன். மனுஷன் கிளாஸைக் கீழ விட்டுட்டார்."

"அதோட நிறுத்தியிருக்கலாமே!"

"நான் நிறுத்தினேன். அவங்க நிறுத்தலை. அவர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார்னு ஒவ்வொண்ணா ஒப்பிக்கறாங்க. கேட்டுட்டுச் சும்மா இருந்தா ஆமான்னு ஆயிடாதா? தப்பு இருக்கிற எடத்துல திருத்தினேன். உங்க தொழில்தானே?"

"என்னன்னு திருத்தினே?"

"கன்னம் சிவந்துச்சுன்னீங்களாம். 'அது நான் அடிச்சு இல்லீங்க, இந்த வயசுலயும் அவருக்கு ஷேவ் பண்ணத் தெரியலை'ன்னேன்."

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அன்று காலையில் வெட்டிக்கொண்ட இடம் எரிந்தது.

"எல்லாத்துக்கும் இப்படியா?"

"மூணு கிளாஸுக்கு மூணு திருத்தம். அதுக்கு மேல நேரம் எங்க இருக்கு? ஒரு மணிக்கு வேன் வந்துடுதே."

"உனக்குக் கோபமே வரலையா?"

"கோபப்பட்டா கிளாஸை யார் கழுவறது?" என்று சொல்லி என் கையில் ஒரு துணியைக் கொடுத்தாள். நான் பாத்திரம் துடைத்தேன். நாலு ஜோக், மூன்று திருத்தம். ஒன்று குறைகிறதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் எண்ணி எண்ணிப் பார்த்த கண். தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. 'ஒரு மணிக்கு வேன் வந்துடுதே.' ஆகா! என் மனைவி தன் வாயாலேயே வழியைக் காட்டிவிட்டாள். பன்னிரண்டே காலுக்குப் போவதால்தானே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது? பன்னிரண்டு ஐம்பதுக்குப் போனால்? மூன்று கிளாஸை மடமடவென்று குடித்துவிட்டு வேனைப் பிடிக்க ஓடுவார்கள். திருத்தத்துக்கு இடமே இருக்காது.

பீட்ரூட் கொட்டகையைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு பழைய பாதை பிரிகிறது. கடலை ஒட்டி வெங்காய வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். ஒன்பது கிலோமீட்டர் அதிகம். யாரும் போவதில்லை. ஏன் போவதில்லை என்று நான் விசாரித்திருக்கலாம்.

மறுநாள் வந்த எட்டுப் பேரில் ஒரு பல் டாக்டரம்மா, அவர் கணவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். மற்றவர்கள் ஒரே ஆபீஸ்காரர்கள். மூன்று நிறுத்தத்திலும் மூன்று ஜோக்கும் நன்றாக எடுபட்டன. பாதை பிரிகிற இடத்தில் கையைத் தூக்கினேன்.

"இன்னிக்கு உங்களுக்காக ஒரு விசேஷம். பழைய கடல் பாதை. எல்லாருக்கும் இது கிடைக்காது."

"பிளம் தோட்டம்னு போட்டிருந்துதே?" என்றார் நீதிபதி, காகிதத்தைப் பார்த்து.

"தோட்டம் எங்க போயிடப் போகுது சார்?"

திரும்பினோம். திரும்பியதும் கடற்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பாதை முழுக்க மணல். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஐந்தில் போட்டார்கள். நானும் போட்டேன். நாலு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் ஒரு வண்டி 'பீப்' என்றது. அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசையாக, கோழிக்குஞ்சுகள் மாதிரி. எட்டு வண்டியும் செத்தன. ஒன்பதாவதாக என்னுடையதும். சுற்றிலும் வெங்காயம். ஒரு மரம் கிடையாது.

"இது பயணத்துல சேர்ந்ததா?" என்றார் நீதிபதி.

"கொஞ்ச தூரம் தள்ளினா உடம்புக்கு நல்லதுங்க சார்."

தள்ளினார்கள். இருபத்தாறு கிலோ இரும்பு, மணலில். ஆபீஸ்காரர் ஒருவரின் செருப்பு வார் அறுந்தது. ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மண்டையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு மூட்டினால் சரியாகிவிடும் என்று என் கைவசம் இருந்த நாலாவது ஜோக்கை, வெங்காய வயல் நடுவே, காற்றுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். மூணு மாசம். ஒரு வார்த்தை பேசலை. நிம்மதி.

பல் டாக்டரம்மாவின் கணவர் மட்டும் 'ஹஹ்' என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். கணவர் வாயை மூடிக்கொண்டார். பல்லைப் பற்றி நன்றாகத் தெரிந்த பெண்.

ஸ்பானருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, எங்க நிக்கறீங்க?"

"வெங்காய வயல்ல. டிராக்டரை அனுப்பு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா உங்க அண்ணிக்கு."

"டிராக்டர் கிளம்பிடுச்சேண்ணே. அண்ணிதான் ஓட்டிட்டு வர்றாங்க. கூடத்து மாடி ஜன்னல்லேர்ந்து ஆரஞ்சு சட்டையெல்லாம் தப்பான பக்கம் திரும்பறதைப் பாத்துட்டுக் கீழ இறங்கி ஓடினாங்க."

அவளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வந்தாள். பின்னால் நீளமான இழுவைத் தட்டு. அதில் ஒரு மரப்பெட்டி, துண்டில் சுற்றிய கிளாஸ்கள், ஒரு பானைத் தண்ணீர். இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே விருந்தாளிகளிடம் போய், "அவர் சொன்ன வீட்டுக்காரி நான்தாங்க. ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க. உக்காருங்க. வேனை ரெண்டு மணிக்கு வரச் சொல்லிட்டேன்" என்றாள். ரெண்டு மணி! நான் சுருக்கப் பார்த்த நேரம் பெருத்துவிட்டது.

எட்டுப் பேரும் தட்டின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். நான் சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினேன். அவள் எலுமிச்சையை ஊற்றினாள்.

"வைக்கோல் பொம்மையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தோம்மா. அவர் கட்டிக்கிட்டு நிக்கறாராமே?" என்றார் நீதிபதி. கிளாஸ் கைக்கு வந்ததும் அவர் குரலில் ஈரம் வந்துவிட்டது.

"நிஜந்தாங்க. வேலை நடக்கிற எடத்துல எல்லாம் அவர் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பார்."

அந்த நேரம் பார்த்து நான் மூச்சு வாங்குவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது எழுந்த சிரிப்பில் ஒரு கொக்குக் கூட்டமே கிளம்பிப் பறந்தது. என் ஜோக்குக்கு ஒரு குருவி பறந்ததில்லை.

பிளம்மை ஊற்றினாள். மதகைப் பற்றிக் கேட்டார்கள். "மதகு தானா திறக்காதுங்க. உள்ள அழுக்குத் தண்ணி சேர்ந்தாத்தான் திறந்துவிடுவாங்க." சிரிப்பு. மூன்றாவது கிளாஸ் சோம்பு. கன்னத்துக்கு ஷேவிங் திருத்தம். சிரிப்பு. பிறகு ஒரு கிளாஸை நிரப்பி என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் குடிங்க. சோம்பு. சோம்பேறிக்கு நல்லா இறங்கும்." இதற்கு நானே சிரித்துவிட்டேன். என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது. லிக்யூரும்தான்.

அப்போது பல் டாக்டரம்மா கேட்டார்.

"எல்லாம் சரிங்க. அந்த மூணு மாசம்? நீங்க அவர்கூடப் பேசவே இல்லைன்னாரே? அதுக்கு என்ன திருத்தம்?"

என் மனைவி ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கிளாஸையே மறுபடியும் துடைத்தாள். முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம்தான்.

"அதுல திருத்தம் ஒண்ணும் இல்லைங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பிழைதிருத்துகிறவர்களுக்கு ஒரு குறி உண்டு. தப்பு என்று ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு யோசித்து, போகட்டும், அச்சில் இப்படியே வரட்டும் என்று முடிவுசெய்தால், அதன் கீழே புள்ளி புள்ளியாக வைப்போம். 'இருக்கட்டும்' என்று அர்த்தம். சரியாக இருப்பதால் மட்டும் அந்தப் புள்ளியை வைப்பதில்லை. சில சமயம் இனி திருத்திப் பிரயோஜனம் இல்லை என்றும் வைப்போம்.

நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்தது அவள் இல்லை. நான். அச்சகம் மூடிய அன்றைக்குப் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மூன்று மாதம். அவள் பண்ணையிலிருந்து ஐந்தரைக்கு வருவாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு எந்த ஜாடி புளித்தது, யார் யாரோடு சண்டை, மழையில் எந்தக் கரை கரைந்தது, எல்லாம் சொல்வாள். நான் பதில் சொல்ல மாட்டேன். "கேக்குதா?" என்பாள் நடுவில். நான் பழைய செய்தித்தாளைத் திருப்புவேன். சரசரவென்று சத்தம் வரும். கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்வாள். ஒருநாள் கூட விட்டதில்லை. தட்டை வெளியே வைப்பாள். காலித் தட்டை நான் வெளியே வைப்பேன். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை.

அதைத்தான் நான் பிளம் மர நிழலில், குரலைத் தணித்து, தினமும் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் திருத்தலை?"

"எதை?"

"மூணு மாசத்தை."

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு நோட்டுல எழுதியிருக்கே."

"சிரிச்சாங்க."

"அப்ப விடுங்க. நான் அங்க உக்காந்து பேசினதை யார்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா யாருக்கும் சிரிப்பு வராது. லிக்யூர்தான் கசக்கும்."

மன்னித்துவிடு என்று ஒரு சொல் இருக்கிறது. எழுத்தில் நூறு தடவை திருத்தியிருக்கிறேன். சொல்ல வரவில்லை. அதற்குப் பதிலாக, "நாளைலேர்ந்து அந்த ஜோக்கைச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நாளைலேர்ந்து நீங்க எந்த ஜோக்கும் சொல்ல மாட்டீங்க. நீதிபதி பண்ணையம்மாகிட்ட அரை மணி நேரம் பேசிட்டுப் போயிருக்கார். இனிமே நான் வழிகாட்டி. கூடத்துக்கு வேற ஆள் போடறாங்க. நீங்க கடைசியில வரணும். யாராவது விழுந்தா தூக்கறதுக்கு."

ராத்திரி முழுக்கப் புரண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று சின்னக் கிளாஸுக்கே என்னை அந்தப் பாடு படுத்தியவளுக்கு இப்போது பதினெட்டு கிலோமீட்டர், நாலு நிறுத்தம், இரண்டேகால் மணி நேரம். கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். சரி, கட்டட்டும். எனக்கு வேண்டும்தான். இன்னும் சொன்னால், எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டால் என் மனசு கொஞ்சம் லேசாகும் போலவும் இருந்தது. காலையில் எழுந்து நிதானமாக ஷேவ் செய்தேன். ஒரு வெட்டுக்கூட இல்லை. சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிக்க வேண்டுமே என்று கண்ணாடி முன்னால் நின்று பெருந்தன்மையான ஒரு முகத்தைப் பழகிக்கொண்டேன்.

கிளம்பினோம். அவள் முன்னால், நடுவில் எட்டுப் பேர், கடைசியில் நான்.

முட்டைக்கோஸ் வயலில் நின்றாள். பெருந்தன்மை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி எல்லோர் மூக்கிலும் காட்டினாள். உப்புக்காற்று பட்டால் இலை ஏன் தடிக்கிறது என்று சொன்னாள். ஒரு நத்தை ஒரே ராத்திரியில் மூன்று முட்டைக்கோஸ் தின்றுவிட்டு நாலாவதுக்குள் தூங்கிப்போன கதையைச் சொன்னாள். சிரித்தார்கள். நத்தை என்றால் நான்தான் என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவள் சொன்னது நத்தையைத்தான்.

மதகில், விலாங்கு மீன் கடலிலிருந்து வயல் வாய்க்காலுக்குள் எப்படி வருகிறது என்று சொன்னாள். பீட்ரூட் கொட்டகையில் ஒன்றை அறுத்து உள்ளே இருக்கும் வட்டங்களை எண்ணச் சொன்னாள். வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. நான் ஒப்பித்த காகிதத்தில் இருந்த அதே விஷயங்கள்தான்.

பிளம் தோட்டத்துக்குள் நுழைந்தோம். இங்கேதான் வரப்போகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றேன். அவள் மரத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு வருஷம் மழை அதிகமாகிப் பழமெல்லாம் வெடித்துவிட்டதையும், வெடித்த பழத்தை யாரும் வாங்காததால் ஜாடியில் போட்டதையும், அந்தப் பண்ணையின் முதல் லிக்யூர் அப்படித்தான் வந்தது என்பதையும் சொன்னாள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். ஏறி மிதித்தார்கள்.

கூடத்து வாசலில் எட்டுப் பேரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "நீங்க இங்க ரொம்ப நாளா வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

கொட்டகையில் வண்டிகளுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். அவளும் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே யோசித்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு எடத்துலயும் யோசிச்சுப் பாத்தேன்."

"அப்புறம்?"

"ஒண்ணும் தோணலைங்க."